அறுபதாவது பிறந்தநாளும் மறுநாள் வெறுமையாகும் நாற்காலியும்

பல்லேகலயில் உள்ள மத்திய மாகாண சபைக் கட்டடத் தொகுதியில், 2018 ஒக்டோபருக்குப் பிறகு மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவர்கூட அமர்ந்ததில்லை. கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். ஐந்தாண்டு முடிந்து சபை கலைந்தது. அடுத்த தேர்தல் எல்லை நிர்ணயச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. ஆனாலும் அந்தத் தொகுதியில் அலுவல்கள் நின்றுவிடவில்லை. ஆசிரியர் இடமாற்றம், கிராமிய வைத்தியசாலைகளின் தேவைகள், மாகாண வீதிகள், முன்பள்ளிகள் என்று எல்லாவற்றையும் ஆளுநரின் கீழ் அரசாங்க உத்தியோகத்தர்களே நடத்தி வருகிறார்கள். இந்த மாகாணத்தில் வாழும் சாதாரண மனிதருக்கு இன்று அரசாங்கம் என்றால் இப்படிப்பட்டவர்கள்தான்: கிராம சேவகர், குடும்பநல மாது, அதிபர், பிரதேச செயலக எழுதுவினைஞர். அப்படிப்பட்ட ஒருவர் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஊரிலேயே உழைத்து அறுபது வயதை எட்டும்போது ஊர் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது சின்னக் கேள்வி இல்லை.

இலங்கையில் அரச உத்தியோகத்தர் ஒருவர் பொதுவாகக் கட்டாய ஓய்வு பெறும் நாள் அவருடைய அறுபதாவது பிறந்தநாள். உறவுக்காரர்கள் மணிவிழாவுக்கு நாள் குறிக்கும் அதே வேளையில் அவர் மேசை இலாச்சியைக் காலி செய்துகொண்டிருக்கிறார். அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடக்கும். மாலை, பொன்னாடை, சட்டம் போட்ட வாழ்த்துமடல், குழுப் படம், மதியச் சாப்பாடு. பேசுகிறவர்கள் மனதார நல்ல வார்த்தை சொல்வார்கள். இதில் குறை காண எதுவுமில்லை. குறை மறுநாள் காலையில் தொடங்குகிறது. அவர் இருந்த நாற்காலியில் ஆளில்லை. அவருக்கு மட்டும் தெரிந்திருந்த விடயங்கள் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டன. அவருடைய பணிக்கொடைக் கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

பொதுச் சேவையாளர் ஒருவரைக் கௌரவிக்கும் முதல் வழி, அவர் செய்த வேலை அவருக்குப் பின்னும் தடைப்படாமல் பார்த்துக்கொள்வது. பாராட்டுக் கூட்டம் அதற்கு அடுத்துத்தான். இந்த வரிசையை நாம் தலைகீழாக வைத்திருக்கிறோம் என்பதே இங்கே சொல்ல வருவது.

ஒரே நாளில் காலியான மேசைகள்

2021 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. ஓராண்டு போவதற்குள் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. 2022 செப்டெம்பரில் அந்த வயது மீண்டும் 60க்கு இறக்கப்பட்டது. அறுபதைக் கடந்தும் பணியில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் 2022 டிசெம்பர் 31ஆம் திகதி ஒன்றாக வீட்டுக்குப் போனார்கள். வழக்கமாக ஆண்டு முழுவதும் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் விடைபெறல் ஒரே நாளில் நடந்தது. சம்பளச் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி அன்று உண்மையாகவே இருந்தது. ஆனால் யாரிடம் எதைக் கையளிப்பது, வெறுமையாகும் இடத்தை யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்குப் பல அலுவலகங்களில் விடை இருக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களுக்குச் சேர வேண்டிய பணிக்கொடையும் அந்த நாட்களில் தாமதமானது. முப்பது ஆண்டுச் சேவைக்கு நாடு சொன்ன நன்றி பலருக்கு இந்தத் தாமதத்தின் வடிவில்தான் போய்ச் சேர்ந்தது.

கிராம சேவகர் பதவியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பழைய விதானை முறை ஒழிக்கப்பட்டு 1963இல் உருவான பதவி இது. நாடு முழுவதும் சுமார் 14,000 பிரிவுகள் இருக்கின்றன. வெற்றிடங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, 2024 மே மாதம் ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரே தடவையில் நியமனம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை அந்தப் பிரிவுகளைப் பக்கத்துப் பிரிவுக்காரர் பதில் கடமையாகப் பார்த்தார். பதில் கடமை என்றால் மக்களுக்கு என்ன பொருள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். கிராம சேவகர் இன்று வருவாரா, எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். வதிவிடச் சான்றிதழுக்காக ஒரு நாட்கூலியை இழக்க வேண்டும். ஆள் வராவிட்டால் இரண்டாவது நாளும் போகும். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது அந்த மாதக் கணக்கிலேயே தெரியும் இழப்பு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது இந்த வெற்றிடத்தின் விலை இன்னும் வெளிச்சமாயிற்று. கண்டி மாவட்டத்தில் மண்சரிவு பல உயிர்களைக் கொண்டுபோனது. வீட்டைச் சுத்தம் செய்ய அரசாங்கம் 25,000 ரூபாய் அறிவித்தது. அந்தக் காசு யார் கைக்குப் போக வேண்டும் என்று உறுதிப்படுத்தும் பொறுப்பு கிராம சேவகரின் தலையில் விழுந்தது. எந்த வீட்டில் எத்தனை குடும்பம், எந்த லயத்தில் கடைசிக் காம்பரா இடிந்தது, யார் உறவினர் வீட்டில் ஒதுங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கோவையில் இருக்காது. பல ஆண்டுகள் அந்தப் பாதைகளில் நடந்த மனிதரின் நினைவில்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் முந்தைய மாதம் ஓய்வு பெற்றுப் போயிருந்தால், அந்த நினைவை எழுதி வாங்கி வைக்காத நிர்வாகம் அனர்த்த நேரத்தில் கண்ணில்லாமல் நிற்கும்.

தமிழ் தெரிந்த ஒருவர் போனால்

மலையகத்துக்கு இந்தச் சிக்கல் இரண்டு மடங்கு. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் மொழி உரிமையை விரித்துச் சொன்னது. 2007 யூலை முதல் பணியில் சேரும் அரச ஊழியர்கள் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றுநிருபம் வந்தது. ஏட்டில் குறையில்லை. நடைமுறையில், கண்டி மாவட்டத்தின் 20 பிரதேச செயலகங்களில் பலவற்றில் தமிழில் ஓர் அலுவலை முடிப்பது, அங்கே தமிழ் தெரிந்த ஓரிரு உத்தியோகத்தர்கள் அன்று கடமையில் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

அந்த ஓரிருவரில் ஒருவருக்கு அறுபது வயதாகும்போது அலுவலகம் ஒரு மேசையை இழக்கிறது. பன்வில, தெல்தோட்டை, கலஹா பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் அலுவலகத்தையே இழக்கின்றன. பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்து பிழையாகப் பதிந்தால் அடையாள அட்டையில் அது வேறாக வரும். ஊழியர் சேமலாப நிதியைப் பெறப் போகும் நாளில் இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க முதியவர் அலைவார். தமிழில் கேட்டு, எழுத்துக்கூட்டிப் பார்த்து எழுதிய ஓர் எழுதுவினைஞர் தன் சேவைக் காலத்தில் இப்படி எத்தனையோ அலைச்சல்களைத் தொடங்கும் முன்பே தடுத்திருப்பார். அவர் தடுத்தவை எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது. வாழ்த்துமடலில்கூட ஏறுவதில்லை, ஏனென்றால் எழுதுகிறவருக்கும் தெரியாது.

தோட்டப் பாடசாலைகளின் கதையும் இதேதான். தமிழ்மொழி மூலம் கணிதம், விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் நாட்பட்ட நோய். அந்தப் பாடத்துக்கு இருந்த ஒரே ஆசிரியை தவணையின் நடுவில் அறுபதைத் தொட்டால், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் மீதி மாதங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவருடைய பிறந்த திகதி அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே கோவையில் இருக்கிறது. எந்த நாளில் போவார் என்று கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தும் பதிலாளைத் தேடாமல் இருந்துவிட்டு, அந்த நாளில் பூமாலை போடுவது அவருக்கே மனவருத்தம் தரும்.

பெயர்ப்பலகையின் ஆயுள்

பெரிய சேவைக்குப் பெரிய நினைவுச் சின்னம் வேண்டும் என்பது நம்மிடம் ஊறிப்போன எண்ணம். கட்டடத்துக்குப் பெயர் வைப்போம், வீதிக்குப் பெயர் வைப்போம் என்கிறோம். பல்லேகலயே இதற்கு ஒரு பாடம். 2010 யூலையில் கண்டியின் மைந்தர் முத்தையா முரளிதரன் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். அதே மாதம் மத்திய மாகாண சபை பல்லேகல மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. இன்று ஆட்டம் நடக்கும் நாளில் ஒலிபரப்பாளர்களும் நுழைவுச்சீட்டும் பஸ் நடத்துனரும் சொல்வது பல்லேகல மைதானம் என்றுதான். முரளியின் புகழுக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. தீர்மானத்தால் மட்டும் ஒரு பெயர் நிலைப்பதில்லை என்பதே இதில் தெரிவது.

சௌமியமூர்த்தி தொண்டமான் விடயத்தில் இன்னும் கசப்பான அனுபவம். 1913 ஓகஸ்ட் 30இல் பிறந்து, 1978 முதல் 1999இல் மறையும்வரை அமைச்சராக இருந்தவர். நாடற்றவர்களாக நின்ற மலையக மக்களின் பிரஜாவுரிமைப் போராட்டத்தில் அவருடைய பங்கை அவருடைய அரசியல் எதிரிகளும் மறுப்பதில்லை. 2017இல் மலையக நிறுவனங்களிலிருந்து அவர் பெயர் அகற்றப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆட்சி மாறினால் பலகை மாறும் என்றால், அந்தப் பலகை கௌரவிப்பது சேவையாளரை அல்ல, அன்றைய அமைச்சரின் விருப்பத்தையே.

இதற்கு எதிரான உதாரணம் ஒன்று கண்டியிலேயே உண்டு. டி.பி. இலங்கரத்ன என்ற பெயரை மலையகத்தின் இளைய தலைமுறை கேள்விப்பட்டிருக்காது. அவர் அரசாங்க எழுதுவினைஞர். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக 1947 பொது வேலைநிறுத்தத்தை வழிநடத்தினார். அந்த வேலைநிறுத்தத்தில்தான் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். வேலையை இழந்த இலங்கரத்ன 1948 கண்டி இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் சென்றார். பின்னர் தொழில் அமைச்சரானார். அவர் காலத்தில், 1958இல், 15ஆம் இலக்கச் சட்டமாக ஊழியர் சேமலாப நிதி வந்தது. இன்று தோட்டத் தொழிலாளி ஒருவரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் அந்த நிதிக்குப் போகின்றன. வேலை விட்டு வரும்போது அவர் கையில் சேரும் பெரிய தொகைகளில் ஒன்று அது. மகளின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் அந்தக் காசுதான் ஈடு கொடுக்கிறது. இலங்கரத்னவின் பெயர் தெரியாமலே அவருடைய சேவை நம் வீடுகளுக்குள் வந்துகொண்டிருக்கிறது. அவர் தொடங்கியதை ஒரு சட்டமும் ஒரு நிர்வாகமும் கைமாற்றிக் கொண்டே வந்ததால்தான் இது நடந்தது.

பெயரும் நிலைத்து, சேவையும் நிலைத்தது அபூர்வம். கண்டியில் ஜோர்ஜ் ஈ. டி சில்வா பூங்காவைக் கடக்கிறவர்கள் ஏராளம். சட்டத்தரணியாகவும் சுகாதார அமைச்சராகவும் இருந்த அவரும், அவருடைய மனைவி அக்னஸ் டி சில்வாவும் அனைவருக்கும் வாக்குரிமை கேட்டுப் போராடியவர்கள். தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று தயங்காமல் பதில் சொன்னவர் அக்னஸ். பூங்காவின் பெயர் நினைவில் நிற்கிறது. இந்தப் பதில் நம் பாடசாலைகளில் சொல்லப்படுவதில்லை. பலகையோடு பதிவும் இருந்திருந்தால் இந்த மறதி நேர்ந்திருக்காது.

சம்பளம் வாங்கியவருக்கு எதற்குப் பாராட்டு?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயமும் உண்டு. அரச அலுவலகத்தில் மரியாதையில்லாத பேச்சைக் கேட்டவர்களுக்கும், நாளை வா என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும், கையூட்டுக் கொடுத்தால்தான் கோவை நகரும் என்று கண்டவர்களுக்கும் இந்தக் கட்டுரை எரிச்சலூட்டலாம். அவர்களுடைய கோபம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபமே ஒன்றைக் காட்டித் தருகிறது. கெட்ட உத்தியோகத்தரைப் பற்றி ஊருக்கே தெரியும். நல்லவரைப் பற்றி அவரால் உதவி பெற்றவருக்கு மட்டும் தெரியும். அறுபதாம் வயதில் இருவருக்கும் ஒரே மாலை, ஒரே வாசகம். வேறுபாடு பார்க்காத பாராட்டு நல்லவரைத்தான் அவமதிக்கிறது. சேவையை மதிப்பிட்டு, எழுத்தில் பதிந்து, அதற்கேற்ப மரியாதை செய்யும் வழக்கம் வந்தால், அடுத்து வரும் இளைஞருக்கு எது எதிர்பார்க்கப்படுகிறது என்பது தெரியும்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். அனுபவசாலியை ஏன் அனுப்ப வேண்டும், சேவை நீடிப்புக் கொடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். விசேட வைத்திய நிபுணர் போன்ற சில துறைகளில் அதற்குத் தேவை இருக்கலாம். பொதுவாக அதை ஏற்க முடியாது. பட்டம் பெற்றும் வேலையில்லாமல் நிற்கும் மலையக இளைஞர்கள் இந்த மாகாணத்தில் குறைவில்லை. மூத்தவர் நகர்ந்தால்தான் அவர்களுக்கு இடம் கிடைக்கும். நீடிப்பு வந்துவிட்டால் பதிலாளைத் தயார்படுத்தும் அவசரமும் போய்விடும். நமக்கு வேண்டியது மூத்தவரின் அறிவு. அது அவர் போகும் முன்பே இளையவரிடம் வந்து சேர வேண்டும்.

இன்னொன்று, அரசியல். கௌரவிப்பு என்றாலே பிரதம அதிதி, பெனர், புகைப்படம் என்று போய்விடும் என்ற அச்சம். உள்ளூரில் செல்வாக்குள்ளவரின் ஆட்கள் மட்டும் மேடையேறுவார்கள் என்பதும் நடக்கக்கூடியதே. அதனால்தான் தெரிவு செய்யும் பொறுப்பை அலுவலகத்திடமோ கட்சியிடமோ கொடுக்காமல், சேவை பெற்ற மக்களிடம் விட வேண்டும் என்கிறேன்.

செய்யக்கூடியவை

முதலாவதாக, ஆண்டுதோறும் ஜனவரியில் ஒவ்வொரு பிரதேச செயலகமும் வலயக் கல்விப் பணிமனையும் அந்த ஆண்டில் அறுபதை எட்டும் பதவிகளின் பட்டியலைப் பல்லேகலவுக்கு அனுப்ப வேண்டும். பெயர் வேண்டாம், பதவி, பிரிவு, பேசும் மொழி, ஓய்வு நாள் போதும். பதிலாள் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன் வந்து மூத்தவரோடு கூட வேலை செய்ய வேண்டும். தமிழில் சேவை செய்தவர் போகும் இடத்துக்குத் தமிழில் சேவை செய்யக்கூடியவரே வர வேண்டும் என்பதை அந்தப் பட்டியலிலேயே கட்டாய நிபந்தனையாக எழுதலாம். புதிய சட்டம் தேவையில்லை. மாகாண சேவைப் பதவிகளுக்கு ஆளுநரும் பிரதம செயலாளரும் ஒரு சுற்றுநிருபத்தில் செய்யக்கூடியது; கிராம சேவகர் போன்ற மத்திய அரசாங்கப் பதவிகளுக்கு அந்த அரசாங்கமே அதைச் செய்ய வேண்டும்.

அந்த மூன்று மாதத்துக்குள் கையளிப்புக் குறிப்பு ஒன்று எழுதப்பட வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள லயங்கள், தனியே வாழும் முதியவர்கள், முடியாமல் கிடக்கும் காணி, பிறப்புப் பதிவுச் சிக்கல்கள், யாரைக் கேட்டால் எது தெரியும் என்பவை அதில் இருக்கட்டும். சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும். கணினியில் ஏற்றினால் நல்லது; ஏற்றாவிட்டாலும் ஒரு கொப்பியில் இருந்தால் போதும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓய்வு பெறுகிறவருக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய மரியாதை அதுதான். 2020க்கு முன் ஓய்வு பெற்றவர்களின் ஓய்வூதிய முரண்பாட்டை 2025 யூலை முதல் மூன்று கட்டமாகச் சரிசெய்வதாக அரசாங்கம் அறிவித்தது வரவேற்கத்தக்கது. மாகாண மட்டத்தில் அதற்கு மேலும் செய்யலாம். சுயவிபரக் கோவையில் உள்ள ஓட்டைகளை 59ஆவது வயதிலேயே தேடி அடைத்து, விடைபெறும் நாளன்று ஓய்வூதியக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும். பொன்னாடைக்குச் சேர்த்த காசில் ஒரு பகுதி அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றின் உயர்தரப் படிப்புக்குப் போகட்டும். சேவையாளரின் பெயரில் போனால் அவருக்கும் மகிழ்ச்சிதான்.

பதிவு மக்கள் பக்கத்திலிருந்து வர வேண்டும். கோயில் பரிபாலன சபை, பெற்றோர் சங்கம், தோட்டத்து இளைஞர் மன்றம் ஆகியவை ஓய்வு பெறுகிறவரோடு உட்கார்ந்து அவருடைய சேவைக் காலத்தை நாலைந்து பக்கத்தில் எழுதலாம். ஒரு பிரதி பாடசாலை நூலகத்துக்கும் ஒரு பிரதி கண்டி டி.எஸ். சேனநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்துக்கும் போகட்டும். அரச உத்தியோகத்தரோடு நின்றுவிடாமல், பிள்ளைக்காம்பராவில் தலைமுறைகளை வளர்த்த பெண்களையும், தோட்ட மருந்தகத்தில் இரவு பகல் பார்க்காத உதவியாளர்களையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு அரச ஓய்வூதியமும் இல்லை, அலுவலகப் பிரியாவிடையும் இல்லை. உயிரோடு இருப்பவரின் பெயரை அரச கட்டடங்களுக்கு வைப்பதை மாகாணம் நிறுத்திக்கொள்வதும் நல்லது.

இவை நடக்கின்றனவா என்று கேட்கும் உரிமை நமக்கு ஏற்கெனவே உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி யாரும் தமிழிலேயே விண்ணப்பம் எழுதி, தங்கள் பிரிவில் எத்தனை பதவி வெறுமையாக இருக்கிறது, எப்போது நிரப்பப்படும் என்று கேட்கலாம். ஒக்டோபர் 8 தேசிய ஓய்வூதியர் தினம். ஆண்டுதோறும் அந்த நாளில் மத்திய மாகாண நிர்வாகம் ஓர் அறிக்கை வெளியிடட்டும்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஓய்வு பெற்றவர் எத்தனை பேர், நிரப்பப்பட்ட இடம் எத்தனை, தமிழ் தெரிந்தவர் போன இடத்தில் தமிழ் தெரிந்தவர் வந்தாரா, பணிக்கொடை இன்னும் கிடைக்காதவர் எத்தனை பேர். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் ஒவ்வொரு பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையிலும் அது மூன்று மொழியில் ஒட்டப்பட வேண்டும்.